சம்பந்தி அனுப்பிய மூன்று கூர்க்கா கத்திகள்

இலுப்பூர்,
விய வருஷம் ஆவணி 26, புதன்கிழமை (11-9-1946)

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி உலகநாதன் அவர்கள் சமூகத்துக்கு, இலுப்பூர் மாசிலாமணி அநேக வணக்கம். இங்கே நானும், என் மனைவி சொர்ணவல்லியும், தங்கள் மருமகள் பிரகதாம்பாளும், தங்கள் குமாரர் சிரஞ்சீவி ரெங்கராஜும் சுகம். என் இடது கைப் பெருவிரலை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க முடியவில்லை. அதன் காரணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அறந்தாங்கியில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மற்ற எல்லோரும் சௌக்கியமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த கத்திகள் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தன. நான் தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதும், அத்தனை வருஷத்தில் நான் கூராக்கியது பென்சில் ஒன்றைத்தான் என்பதும் தங்களுக்குத் தெரியும். ரிடையரான கையோடு ஊருக்கு மேற்கே ஒரு காட்டை வாங்கிப்போட்டேன், அதில் காரைமுள்ளும் சூரைமுள்ளும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லை என்பதை வாங்கிய பிறகுதான் பார்த்தேன், ஊர் அரிவாள் என் கைக்கு ஒத்துவரவில்லை என்று தங்களிடம் ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன். அதை மனதில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த நேபாளத்துக் கத்திகள் மூன்றையும் அனுப்பி, "வெட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்பவும், அவசரமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

கத்தி விஷயத்துக்குப் போகுமுன் ஒன்று சொல்லவேண்டும், சொல்லவும் கூச்சமாயிருக்கிறது. பதினைந்து நாளைக்கு முன் பிரகதா தனியாக இங்கே வந்தபோது, அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தன் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். "கல்யாணமாகிப் பத்தாம் நாள் பட்டாளத்துக்குப் போனவரு. மூணு வருஷம் கழிச்சு வந்திருக்காரு. தண்ணி, போதும், இந்த ரெண்டு வார்த்தையத் தவிர என்கிட்ட ஒண்ணும் பேசலம்மா. என்னைப் பிடிக்கலபோல. நான் அங்கிட்டுப் போகல" என்றாளாம். இதைத் தங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தடவை காகிதம் எடுத்து நாலு தடவையும் மழையைப் பற்றி எழுதிக் கிழித்துப்போட்டேன். இந்த நிலையில்தான் மாப்பிள்ளை வந்து இறங்கினார். பிரகதா அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை. மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தார். அது போன வருஷத்துக் காலண்டர்.

பேச்சுக்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று நான் கத்தியைக் கையில் எடுத்தேன். முதல் கத்தி, சிவப்பு வெல்வெட் உறை, பித்தளையில் சிங்கமுகப் பிடி, பார்த்தவுடனே இதுதான் எனக்கு என்று மனது சொல்லிவிட்டது. உறையை இடது கையால் நன்றாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உருவினேன். மாப்பிள்ளை, "மாமா, கை!" என்றார். அதற்குள் கத்தியின் கூர் உறையின் தையலைப் பிரித்துக்கொண்டு என் பெருவிரலையும் விசாரித்துவிட்டது. உறையை முதுகுப் பக்கம்தான் பிடிக்கவேண்டுமாம், கூர் இருக்கிற பக்கம் விரலே போகக்கூடாதாம். இதை உருவுவதற்கு முன்னே சொல்லக்கூடாதா என்று கேட்கலாம்தான், ஆனால் பேசாத மாப்பிள்ளை முதன்முதலாகப் பேசிய இரண்டு வார்த்தையில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு மனது வரவில்லை. சொர்ணவல்லி மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஏட்டு பிச்சை வந்தார். ரிடையரான போலீஸ்காரர், தெரியாத விஷயம் கிடையாது. "கூர்க்கா கத்திய உருவினா ரத்தம் காட்டாம உறையில போடக்கூடாதுங்க. அது கத்திக்கு ஆகாது. நீங்க காட்டிட்டீங்க, நல்லதாப் போச்சு" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே அவர், "ஆனா கத்தி மூணு இருக்கே?" என்றார். சம்பந்தி, அப்போது என் கையில் காயமில்லாமல் மிச்சமிருந்த விரல்களை நான் பார்த்த பார்வையைத் தாங்கள் பார்த்திருக்கவேண்டும். பிச்சை எங்கள் வீட்டுச் சேவலைக் காட்டினார். சொர்ணவல்லி, "என் சேவல் மேல யாராச்சும் கைய வச்சீங்க, மூணு கத்தியையும் கிணத்துல போட்டுருவேன்" என்றாள். சண்டை பெரிதாகிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "அதெல்லாம் சும்மா கதைங்க. நான் ரெண்டு வருஷம் கூர்க்கா பட்டாளத்துக்கு லாரில ரேசன் கொண்டு போனேன். அந்தக் கத்தியால அவுங்க தெனமும் வெங்காயம் நறுக்குவாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு, ரத்தம் வரல."

அடுப்படிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. உடனே ஒரு பாத்திரம் விழுகிற சத்தமும் வந்தது, சிரிப்பை மறைப்பதற்காக அவளே தள்ளிவிட்டாள் என்று சொர்ணவல்லி பிறகு சொன்னாள். மாப்பிள்ளை காதுவரைக்கும் சிவந்துபோய் மறுபடியும் காலண்டருக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நானும் மாப்பிள்ளையும் சிங்கமுகக் கத்தியோடு காட்டுக்குப் போனோம். பிச்சையும் கூடவே வந்தார். ஒரு காரைப் புதரைத் தேர்ந்தெடுத்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். சிங்கமுகம் என் கையில் இருந்தது, கத்தியைக் காணோம். அலகு மட்டும் பறந்து, பிச்சை தலையில் கட்டியிருந்த முண்டாசை உரசிக்கொண்டு போய் வரப்பில் குத்தி நின்றது. "இது ரத்தம் கேக்குதுன்னு நான் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனவர்தான், இன்றுவரை எங்கள் பக்கம் வரவில்லை. மாப்பிள்ளை அலகை எடுத்துப் பார்த்து, "இது துரைமாருக்குச் சொவத்துல மாட்டுறதுக்குன்னு செஞ்சு விக்கிறது மாமா. அலகோட வால் பிடிக்குள்ள ஒரு அங்குலம்கூடப் போகல. நல்ல கத்திக்குப் பிடி முழுக்கப் போகும்" என்றார். அரக்கைக் காய்ச்சி ஊற்றி ஒட்டிவைத்திருக்கிறேன். பார்வைக்குப் பழையபடிதான் இருக்கும், ஆனால் தயவுசெய்து யாரும் ஓங்கவேண்டாம்.

செவ்வாய்க்கிழமை பெரிய கத்தி. முழங்கை நீளம், கலப்பைக் கொழுவின் கனம். மாப்பிள்ளை, "இது கெடாவெட்டுக்குங்க, ஒங்க மணிக்கட்டுக்கு ஆகாது" என்று சொன்னார். சொன்னதால்தான் அதை எடுத்தேன். உடைமரத்துத் தூரில் ஒரே போடு. நன்றாகத்தான் இறங்கியது, இறங்கியது வரவில்லை. நான் இழுத்தேன், மாப்பிள்ளை இழுத்தார், இருவரும் சேர்ந்து இழுத்து இருவரும் சேர்ந்து மல்லாக்க விழுந்தோம். அந்த நேரம் பார்த்து பிரகதா கஞ்சிக் கலயத்தோடு வந்து நின்றாள். அம்மாவுக்கு இடுப்புவலி என்று அவளை அனுப்பியிருக்கிறார்கள். சொர்ணவல்லிக்கு இடுப்புவலி வந்து நான் பார்த்ததில்லை. பிரகதா கலயத்தை இறக்கிவைத்துவிட்டு, "இழுத்தா வராது. மேலயும் கீழயும் அசைச்சுக் குடுக்கணும்" என்று பொதுவாக மரத்தைப் பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளையும் மரத்தைப் பார்த்தே, "சரி" என்றார். கத்தி வந்துவிட்டது. சந்தோஷத்தில் அவள் ஓரடி பின்னால் வைத்தாள், சூரைமுள் ஒன்று குதிகாலில் ஏறிவிட்டது.

நடுக் கத்தியை மாப்பிள்ளை இடுப்பில் செருகியிருந்தார். அதன் உறைக்குப் பின்னால் விரல் நீளத்தில் இரண்டு குட்டிக் கத்திகள் இருக்கின்றன. ஒன்று மழுங்கல், தீட்டுவதற்கு. ஒன்று கூரானது, சின்ன வேலைக்கு. அந்தக் கூரானதை எடுத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டார். நான் பெரிய கத்தியின் கனத்தைச் சோதிக்கும் பாவனையில் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, சம்பந்தி, மரம் பருமன் குறைவு.

"வலிக்குதா?" என்றார்.

"நீங்க பேசுனீங்களா? இல்ல, மரம் பேசுச்சா?" என்றாள்.

முள்ளைக் கொஞ்சம் நெம்பினார். பிறகு மாப்பிள்ளை சொன்னார்: "மூணு வருஷமா ஒன் போட்டோவ லாரில கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டிவச்சிருந்தேன். மணிப்பூர் மழையில ராத்திரி பகல்னு ஓட்டுவேன், அதுகூடத்தான் பேசிக்கிட்டே போவேன். எல்லாம் சொல்லியிருக்கேன். வீட்டுக்கு வந்தா, நீ பதில் பேசுற ஆளா நிக்கிறே. பயமாப் போச்சு."

"நான் என்ன பண்ணினேன் பயப்படுறதுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. போட்டோவும் ஒண்ணும் பண்ணல. ஆனா அது என்னையப் பாக்காது."

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. கஞ்சியை நான் ஒருவனே குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர்கள் இருவரும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார்கள். முள் எடுக்க அத்தனை நேரம் ஆனதைப் பற்றி நான் கேட்கவில்லை.

இன்று புதன்கிழமை நடுக் கத்தியை நானே வெட்டிப் பார்த்தேன். அடடா! ஒரு சாண் அலகு, கையை இழுக்காத கனம், உள்ளங்கையில் வந்து உட்காருகிற மரப்பிடி, பித்தளையும் கிடையாது பகட்டும் கிடையாது. முள்ளைக் கழிக்கிறது, விறகைப் பிளக்கிறது, மணிக்கட்டு வலிக்கவில்லை, ஒரு விரலும் புதிதாகப் போகவில்லை. ஆகவே தீர விசாரித்து, நடுக் கத்தியையே நான் தேர்ந்தெடுத்துக்கொண்டேன் என்பதைச் சந்தோஷத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும், இந்தக் கடிதத்தையும் நாளைக் காலை பஸ்ஸில் மாப்பிள்ளை வசம் கொடுத்தனுப்புகிறேன். பிரகதா இன்னும் இரண்டு வாரம் இங்கேயே இருந்து கால் ஆறியபின் வருவாள். தாங்கள் ஒன்றும் வித்தியாசமாக நினைக்கவேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கமும், வீட்டுக் குழந்தைகளுக்கு என் ஆசிகளும். அரைகாசு அம்மன் கிருபையால் தங்கள் குடும்பம் பால்பானை பொங்குவதுபோல் பொங்கட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள,
மாசிலாமணி

பின்குறிப்பு: வியாழன் காலை எட்டு மணி. மேலே கத்தியைப் பற்றி நான் முடிவாக எழுதியதையும் பிரகதாவைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடவும். விடிந்து எழுந்து பார்த்தால் வாசலில் பிரகதாவின் டிரங்குப் பெட்டி. "அப்பா, நானும் வாரேன்... அதாவது, போறேன்" என்றாள். கால் ஆறிவிட்டதாம். நடுக் கத்தியைத் தேடினேன். அது பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே இருக்கிறதாம், அதைக் கொடுக்க அவளுக்கு மனதில்லையாம். மற்ற இரண்டுக்கும் பெட்டியில் இடமில்லையாம். ஆக, நான் வேண்டுமென்றது தங்கள் வீட்டுக்குப் போகிறது, வேண்டாமென்ற இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன. நியாயமா என்று சொர்ணவல்லியைக் கேட்டேன். "ஒரு கத்தியா இருந்திருந்தா குடுத்துட்டு அடுத்த வண்டியிலயே போயிருப்பாரு. மூணா இருந்ததாலதானே நாலு நாள் தங்கினாரு? சம்பந்தி ஒங்களை மாதிரி இல்ல, வெவரமானவரு" என்றாள். அப்படியா, சம்பந்தி? வேண்டாம், பதில் எழுதவேண்டாம்.

பஸ் நகர்ந்த பிறகுதான் இந்தக் கடிதம் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். ஜன்னலோரம் மாப்பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பிரகதா குறுக்கே பேசிக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கரியில் ஓடுகிற பஸ், மேட்டில் நடக்கிற வேகம்தான், நாலு எட்டு வைத்திருந்தால் பிடித்திருப்பேன். பிடிக்கவில்லை. தபாலில் சேர்க்கிறேன்.