வெடிச்சாத்திரியாரும் ஓட்டை விழாத கடதாசியும்

கனடாவின் மொன்றியல் தீவில் அந்தக் காலத்தில் இருந்த காதுகளில் மிகச் சிறந்த சோடி வெடிச்சாத்திரியாருடையது. இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். மற்றச் சாத்திரியார்களுக்குக் கை வேண்டும், சாதகம் வேண்டும், வெற்றிலை பாக்கு வேண்டும். இவருக்கு ஒரு வெடிச் சத்தம் போதும். என்ன துவக்கு, எந்தத் திசை, எவ்வளவு தூரம், அடுத்தது எப்போது வரும் என்று அத்தனையும் சொல்லிவிடுவார். சொந்தப் பெயர் என்னவென்று சம்பளச் சீட்டு எழுதுகிறவருக்கு மட்டும் தெரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு சமையல்கூடத்தில் நானும் அவரும் வேலை செய்தோம். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான், ரொக்ஸ்பரோவில் தன் வீட்டு நிலக்கீழ் அறையைத் தந்தவரும் அவர்தான். அறையைத் தரும்போது, "இது நல்ல பங்கர் தம்பி, மேல கொங்கிரீட்" என்று சொல்லித்தான் தந்தார்.

சமையல்கூடத்தில் ஒருவர் கையிலிருந்து தட்டு நழுவினால் போதும். "குனி" என்று ஒரு சத்தம் வரும். அடுத்த நொடியில் சாத்திரியார் மேசைக்குக் கீழே இருப்பார். இரண்டு நொடி பொறுத்து அங்கிருந்தே தீர்ப்பும் வரும்.

"பயப்பிடாதேங்கோ. வடக்கால, கன தூரம். எங்களுக்கில்லை."

வடக்கால் விழுந்தது கத்தரிக்காய்த் தட்டு. எங்களோடு வேலை செய்த போர்த்துக்கேயப் பெண் இரண்டு வாரத்துக்குள் தானும் குனியப் பழகிவிட்டாள். ஆறு மாதத்தில் சூப்பவைசரும் குனிந்தார். தலைக்கு மேலே விமானம் கிளம்பும்போதெல்லாம் எங்களுக்கு ஆறுதல் சொல்வதும் சாத்திரியார்தான். "ஒண்டுமில்லை, எங்கட சாப்பாடுதான் போகுது."

பனிக்காலத்தில் இன்னும் மோசம். பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்னால், காரை எடுக்கச் சொல்லி ஒரு வண்டி சைரன் ஊதிக்கொண்டு தெருவில் போகும். அந்தச் சைரனைக் கேட்டு, மொன்றியலில் தன் காரை எடுக்க ஓடாமல் மாடிப்படிக்குக் கீழே ஓடிய ஒரே மனிதர் அவர்தான். போகிற வழியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் படிக்குக் கீழே பாதுகாப்பாக இருந்தோம். கார்தான் இழுவை வண்டியிடம் அகப்பட்டுக்கொண்டது.

அந்தச் சமையல்கூடத்தில் கில் என்றொரு கியூபெக்காரர் லொறி ஓட்டினார். தாடியும் தொப்பையுமாக, குழந்தையைப் போலச் சிரிக்கிறவர். மூஸ் என்ற பெரிய காட்டு மானை வேட்டையாடுகிறவர். சாத்திரியாரின் புகழ் அவர் காதுக்கும் எட்டியது. லொங்கேய் நகரத்துக்கு அப்பால், சோளக் காட்டு நடுவில், துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமொன்றில் தான் அங்கத்தவர் என்றும், வரும் சனிக்கிழமை தன்னிடமுள்ள நான்கு துப்பாக்கிகளையும் கொண்டுவருவதாகவும், சாத்திரியார் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லட்டும் என்றும் பந்தயம் கட்டினார். சாத்திரியார் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் வாறாய். எனக்கு பிரெஞ்சு வராது."

அந்தச் சனிக்கு அடுத்த வியாழக்கிழமை எனக்கு அகதி விசாரணை. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த நாள். அதில் தோற்றால் கொழும்புக்கு ஒரு வழி விமானச் சீட்டு. என் வாக்குமூலத்தின் நாலாம் பக்கத்தில், நான் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை, வாழ்க்கையில் எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை, எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன். அது முழு உண்மை. ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் எதிர்த் திசையில் ஓடியதுதான் நான் எடுத்த ஒரே பயிற்சி.

எங்கள் ஆட்கள் விசாரணைக்குக் கடிதங்களோடுதான் போவார்கள். கிராம அதிகாரியான விதானையார் கடிதம், பாதிரியார் கடிதம், சமாதான நீதவான் கடிதம், படித்த பள்ளிக்கூட அதிபர் கடிதம். என்னிடம் பதினொரு கடிதங்கள் இருந்தன. நான் பிறந்ததற்குக் கடிதம் இருந்தது, ஞானஸ்நானத்துக்கு இருந்தது, வீடு உடைந்ததற்கு இருந்தது. துவக்கைத் தொடாததற்கு மட்டும் இல்லை. ஒருவன் செய்யாத வேலைக்கு யார் கடிதம் தருவார்கள்?

"அண்ணை, வியாழக்கிழமை எனக்கு விசாரணை. இந்த நேரத்தில அங்க போறது சரியில்லை."

"நீ சுடவோ போறாய்? கதைக்கத்தானே போறாய். வா."

வீட்டுக்காரர், வேலை வாங்கித் தந்தவர். போனேன்.

வாசலிலேயே முதல் அடி. அங்கே ஒரு பெரிய கொப்பி, பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். துவக்கு உள்ள இடத்தில் பெயர் எழுதுவது எங்கள் ஆட்களுக்கு எப்பேர்ப்பட்ட காரியம் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். சாத்திரியார் கலியாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப் போல நிதானமாக எழுதினார், மற்றக் கையால் மறைத்துக்கொண்டு.

அந்த இடத்துக்குப் பொறுப்பு ஒரு அறுபது வயது அம்மா, எல்லோருக்கும் அவர் மதாம். சிவப்புத் தொப்பி, கையில் கம்பளிப் பின்னல். அவர் எங்கள் தலையில் காதுமூடிகளை மாட்டினார். சாத்திரியார் உடனே கழற்றினார். மதாம் திரும்ப மாட்டினார்.

"காதைப் பொத்திப்போட்டு என்னெண்டு சாத்திரம் சொல்லுறது? தம்பி, விளங்கப்படுத்து."

விளங்கப்படுத்தினேன். மதாம் முடியாது என்றார்.

"ஒரு காதெண்டாலும் விடச் சொல்லு."

இரண்டு காதும் மூடித்தான் இருக்க வேண்டும் என்றார் மதாம். பின்னல் ஊசியால் வாசலையும் காட்டினார்.

சாத்திரியார் முதுகைத் திருப்பி நின்றார். கில் முதலில் சின்ன ரைபிளைச் சுட்டார். சாத்திரியார் நெடுநேரம் யோசித்து, பெரிய வேட்டைத் துவக்கு என்றார். பிறகு பிஸ்டல். அதை ரிவோல்வர் என்றார். ரிவோல்வருக்கு, யாரோ தகரக் கதவைச் சாத்துகிறார்கள் என்றார். கடைசியாக மூஸ் சுடும் பெரிய துவக்கு இடிபோல முழங்கியது. அவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் சுடேல்லையோ?" என்று கேட்டார்.

நான்கும் பிழை. கில் விழுந்து விழுந்து சிரித்தார். சாத்திரியாரின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை வருடப் புகழ், ஒரு சோடி பிளாஸ்டிக் மூடியால் போய்விட்டது.

அவரைத் தேற்றுவதற்காக கில் சுடக் கொடுத்தார். மதாம் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். சாத்திரியார் சின்ன ரைபிளை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். சுட்டதும் துவக்கை மதாம் சொன்னபடி கவனமாக மேசையில் வைத்தார். வைத்துவிட்டு நிலத்தில் குப்புறப் படுத்தார். மயக்கம் என்று நினைத்து மதாம் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"இவருக்கு ஒன்றுமில்லை மதாம். சத்தம் கேட்டால் இவர் படுப்பார்."

"சுட்டது இவர்தானே?"

"யார் சுட்டாலும் படுப்பார்."

பிறகு கில் என் பக்கம் வந்தார். அந்த மனிதர் எனக்கென்று காதுமூடியும் கண்ணாடியும் தனிக் கடதாசி இலக்கும் கொண்டுவந்திருந்தார். இலக்கின் மூலையில் என் பெயர்கூட எழுதியிருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, சோறும் வைத்துவிட்டார். எழும்பிப் போவது எப்படி? சாத்திரியாரைப் பார்த்தேன். வேண்டாமென்று சொல்வார் என்று நினைத்தேன்.

"சுடு தம்பி. அந்தாள் குறை நினைக்கும்."

வாக்குமூலத்தின் நாலாம் பக்கம் கண்ணுக்குள் வந்தது. சின்ன ரைபிளைத் தூக்கினேன். விசையை அழுத்துகிற நேரம் பார்த்து, பின்னால் ஒரு குரல் முழங்கியது.

"குனி."

காதுமூடி போட்டவர்களுக்குத் தங்கள் குரல் கேட்பதில்லை, அதனால் கத்துவார்கள். என் மூடியையும் துளைத்துக்கொண்டு வந்தது. குண்டு கடதாசிக்கு முன்னாலிருந்த மண்ணைக் கிளப்பியது. ஐந்து முறை சுட்டேன், ஐந்து முறையும் "குனி". பிஸ்டலுக்கும் அப்படியே. ரிவோல்வரின்போது, கத்த வேண்டாமென்று மதாம் அவரை நாலு அடி தள்ளி நிற்க வைத்தார். அங்கிருந்து இன்னும் பலமாகக் கத்தினார். மூஸ் துவக்கில் நான் சுட்ட கடைசிக் குண்டு, இலக்கம் எழுதியிருந்த பலகையின் காலை முறித்தது.

நான்கு துப்பாக்கி, இருபது வெடி. கடதாசி கடையில் வாங்கியது போலவே இருந்தது. முப்பது வருடத்தில் இப்படி ஒன்றைத் தான் கண்டதில்லை என்று மதாம் பின்னலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

நான் போய்க் காரில் ஏறிக்கொண்டேன். சாத்திரியார் வரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உடைந்த ஆங்கிலமும் கையுமாக மதாமோடு நெடுநேரம் கதைத்தார். பலகையை முறித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த ஐந்து நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலை மெத்ரோ ரயிலில் என்னோடு வந்த சாத்திரியார், இறங்கும்போது ஒரு பெரிய கடித உறையைக் கையில் திணித்தார்.

"கேட்டால் குடு. கேக்காட்டிக் குடுக்காத."

உள்ளே எல்லாம் ஒழுங்காகப் போனது. என் பதினொரு கடிதங்களையும் என்னை விசாரித்த அதிகாரியம்மா புரட்டினார். பிறகு நிமிர்ந்து கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"எப்போதாவது ஆயுதம் ஏந்தியிருக்கிறீர்களா? பயிற்சி எடுத்தீர்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கொப்பியில் என் கையெழுத்து கிடக்கிறதே.

"ஓம். போன சனிக்கிழமை. நாலு துவக்கு."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் என் வழக்கறிஞர் பேனாவைக் கீழே போட்டார். நான் கடித உறையை நீட்டினேன்.

அதற்குள் மடித்த அந்த வெறும் கடதாசியும், மதாமின் கடிதமும் இருந்தன. அதிகாரியம்மா வாசித்தார். இந்த இளைஞர் எங்கள் இடத்தில், சட்டப்படி, மேற்பார்வையோடு, நான்கு துப்பாக்கிகளால் இருபது முறை சுட்டார். இணைத்திருக்கும் இலக்கில் ஒன்றும் படவில்லை. இவர் இதற்கு முன் துப்பாக்கியைக் கையால் தொட்டவரல்லர் என்று முப்பது வருட அனுபவத்தோடு உறுதி கூறுகிறேன். கீழே கையெழுத்து, முத்திரை.

அதிகாரியம்மா கடதாசியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, பத்து நிமிட இடைவேளை என்று சொல்லி எழுந்து போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

அன்றைக்கே சொல்லிவிட்டார். ஏற்றுக்கொண்டோம் என்ற சொல்லைக் கேட்டதும், இரண்டு வருடமாக நெஞ்சில் ஏறியிருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. வெளியே வந்து, நடைபாதையில் சாத்திரியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

"அண்ணை, நீங்கள் வேணுமெண்டுதான் குனி குனியெண்டு கத்தினனீங்களோ?"

மெத்ரோப் படியில் இறங்கும்போதுதான் சொன்னார்.

"என்னட்டையும் இதைத்தான் கேட்டவை. தொடேல்லை எண்டன். நம்பேல்லை. தொடாததுக்கு என்னட்டக் கடிதமில்லை. பேந்து ஏழு வருசம் இழுபட்டன். உனக்கெண்டாலும் ஒண்டு இருக்கட்டுமெண்டு நினைச்சன்."

எல்லாம் திட்டம் போட்டுச் செய்தாராம். நான் முழுதாக நம்பவில்லை. திட்டம் போட்ட மனிதர் குப்புறப் படுத்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த ஏழு வருடத்தை அதற்கு முன் ஒரு நாளும் அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

பிறகு அவர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். இப்போதும் எங்காவது தட்டு விழுந்து சத்தம் கேட்டால் நான் குனிகிறேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. குனிந்தால், பக்கத்தில் அவரும் கிடப்பது போலிருக்கிறது.