கேரியர் இல்லாத சைக்கிள்

"இனிமே அந்த ஸ்கூட்டரை நான் தொட்டா என் பேரு தாவூது இல்ல!"

மேலப்பாளையத்தில், டாக்டரைப் பார்க்க லீவு போட்ட ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா முடிந்து, பிரியாணி முடிந்து, ஏப்பமும் முடிந்த பிறகு தாவூது இப்படி ஒரு சபதம் போட்டார். பெரிய சபதங்களை அவர் எப்போதும் வயிறு நிறைந்த பிறகுதான் போடுவார்.

மனைவி நஸீமா தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஸ்கூட்டர் என்ன பாவம் பண்ணுச்சு?"

"சுகர் இருக்காம். சைக்கிள் மிதிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாடியில உன் தம்பி யஹ்யாவோட சைக்கிள் கிடக்குல்லா, அதைச் சரி பண்ணப் போறேன்."

"அது சைக்கிளா மச்சான்? பீர்க்கங்கொடி ஏத்துன பந்தல்லா!"

"கொடி ஏறுனாலும் அது மவுண்டன் பைக். மலை ஏறுத சைக்கிள்."

"மேலப்பாளையத்துல ஏது மலை?"

"மணிமுத்தாறுல இருக்கு. ஞாயித்துக்கிழமையானா ஆபீஸ்காரங்க எல்லாம் போறாங்க. நானும் போறேன். உடம்புக்கு நல்லது."

நஸீமா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினால் தாவூது பயப்பட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை மட்டும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

சுகர் உண்மைதான். ஆனால் அவருடைய உண்மையான வியாதி வேறு. அதன் பெயர் ஞாயிற்றுக்கிழமை. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வாரம் பூராவும் கணக்குப் பார்க்கிற மனுஷனுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள். அன்றைக்கு நஸீமா ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவாள். வண்டி நேராகப் பேட்டையில் அவள் உம்மா வீட்டுக்குத்தான் போகும். "வாங்க மாப்பிள்ள" என்று மாமி வாயெல்லாம் பல்லாக வரவேற்பாள். அடுத்த வாக்கியத்தில் ஒரு வேலை இருக்கும். ஒரு வாரம் ஃபேன் துடைப்பு. ஒரு வாரம் முருங்கைக்காய் பறிப்பு. ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டல். மாமியார் வீடு மகா சௌக்கியம் என்று சொன்னவனுடைய மாமியார் வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருந்திருக்காது.

அதனால்தான் மவுண்டன் பைக். அதற்குக் கேரியர் கிடையாது. கேரியர் இல்லையென்றால் பின்னால் ஆள் உட்கார முடியாது. ஆள் உட்கார முடியாவிட்டால் பேட்டை இல்லை. இந்த யோசனை வந்த அன்று தாவூது தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார். கை எட்டவில்லை.

கொடியை வெட்டி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சங்கிலிபூதத்தான் அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்குப் போனார். அண்ணாச்சி அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"என்ன பாய், அடக்கம் பண்ணவா கொண்டாந்திருக்கீரு?"

"உயிர் கொடுக்கணும் அண்ணாச்சி."

"ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு. மத்தது எல்லாம் போச்சு. மொதல்ல ஒரு செயின் வேணும்வே."

"உம்ம கிட்ட இருக்கும்லா?"

"சாதா சைக்கிள் செயின் இருக்கு. கியர் சைக்கிளுக்கு அது வேற."

"பேருலயே சங்கிலி வச்சிருக்கீரு, கடையில ஒரு செயின் இல்லையா?"

"பேருல பூதமுந்தான் இருக்கு. அதுவும் கடையில இல்ல. போய்த் தேடிட்டு வாரும்."

தாவூது தேடினார். ஆபீஸ் விட்டு வந்ததும் தேடினார். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் போய், "இருபத்தொரு கியர் சைக்கிளுக்குப் பின்னால உள்ள கியர் கிடைக்குமா?" என்று கேட்டார். கடைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"கீரையா? மார்க்கெட்டுக்குப் போங்க."

"கீரை இல்ல அண்ணாச்சி, கியர்! இருபத்தொரு கியர்!"

"லாரிக்கே ஆறு கியர்தான்வே. உமக்கு எதுக்கு இருபத்தொண்ணு? ஆகாசத்துக்கா போறீரு?"

வண்ணார்பேட்டையில் செயின் கிடைத்தது. நீளம் போதவில்லை. டவுனில் அப்பாத்துரையின் பழைய இரும்புக் கடையில் ஒரு பெடல் கிடைத்தது. அதற்கு ஜோடி கிடைக்க மறுபடி போய்க் குவியலைக் கிளற வேண்டியிருந்தது. கியர் மாற்றுகிற சாமான் மதுரையிலிருந்து பார்சலில் வந்தது. மேடு மேடாய்ப் பட்டன் வைத்த டயர் வந்தது. பிரேக் கட்டை வந்தது. சீட்டு மட்டும் எங்கும் கிடைக்காமல், கடைசியில் அதே டாக்டர் வீட்டில் துணி காயப்போட்டிருந்த உடற்பயிற்சி சைக்கிளில் இருந்து கழன்று வந்தது. டாக்டர் மற்றவர்களுக்குத்தான் மிதிக்கச் சொல்வார்.

இத்தனை அலைச்சலிலும் தாவூது சந்தோஷமாக இருந்தார். கிரீஸ் கறையோடு வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு சாமானையும் நஸீமாவிடம் காட்டுவார். அவளும் ஆசையாய்க் கேட்டுக்கொள்வாள்.

"எல்லாம் போட்டாச்சா மச்சான்? கேரியர்?"

"மவுண்டன் பைக்குக்குக் கேரியர் வைக்கவே கூடாது புள்ள. வச்சா மலை ஏறாது."

"அப்படியா!" என்றாள் நஸீமா. மறுபடியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

எல்லாச் சாமானும் சேர்ந்த வாரம் யஹ்யா ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்து உம்மா வீட்டில் இறங்கினான். சனிக்கிழமை சைக்கிளும் தயாரானது. "ராவு முழுக்கக் கடையிலயே நிக்கட்டும், ஆயில் நல்லா இறங்கணும்" என்றார் அண்ணாச்சி. மறுநாள் கல்லிடைக்குறிச்சி வரை சைக்கிள்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து மணிமுத்தாறு வரை வீரமாக மிதிப்பதாக ஆபீஸ்காரர்கள் ஏற்பாடு.

சாயங்காலம் நஸீமா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மச்சான், நாளைக்குப் போறியல்லா. ஒரு கேரியர் ரெடி பண்ணட்டுமா?"

தாவூதுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டுப் போகிறவனுக்குச் சோறு கட்டித் தருகிறாளே! கண் முன்னால் நாலடுக்குக் கேரியர் வந்து நின்றது. ஒன்றில் இடியாப்பம். ஒன்றில் கோழிக் குருமா.

"பண்ணு புள்ள."

"சின்னதாவா, பெருசாவா?"

"பெருசாவே பண்ணு. கனம் தாங்கணும். போன தடவை பாதி வழியில கழண்டு போச்சுல்லா."

"சரி. மெத்துன்னு இருக்கணுமோ?"

"பின்ன? மெத்துன்னு இருந்தாத்தானே சொகம்!"

"சரி மச்சான்" என்று நஸீமா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோழிக் கடைக்குத்தான் பேசுகிறாள் என்று தாவூது நிம்மதியாக டீயைக் குடித்தார்.

காலையில் வாசலில் மணிச்சத்தம். தொப்பி, கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுக்கொண்டு தாவூது ஓடி வந்தார். சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி சைக்கிளோடு நின்றார். பளபளவென்று இருந்தது சைக்கிள். பின் சக்கரத்துக்கு மேல் அகலமாய் ஒரு இரும்புக் கேரியர். அதன் மேல் சிவப்பு ரெக்ஸினில் மெத்தை.

"என்னவே இது?"

"கேரியர் பாய். உம்ம வீட்டம்மா நேத்து போன்ல சொன்னாவ. பெருசா, கனம் தாங்குத மாதிரி, மெத்துன்னு. நீரே வாயால சொன்னீராமே?"

"அது சாப்பாட்டுக் கேரியர்வே!"

"சாப்பாட்டுக் கேரியர் செய்ய நான் என்ன பாத்திரக் கடையா வச்சிருக்கேன்?"

நஸீமா புதுப் புர்காவில், கையில் பையோடு வந்தாள். கேரியரை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வெல்டிங் அசையவில்லை. தாவூது மட்டும் ஆடிப்போனார்.

"ஸ்கூட்டர்ல போவோம் புள்ள" என்றார் ஈனக் குரலில்.

"அதை யஹ்யா வெள்ளனயே வந்து எடுத்துட்டுப் போயிட்டான். இல்லாட்டியும் நீங்க தொட்டா உங்க பேரு தாவூது இல்லையே. ஆதார் கார்டு, பேங்க், எல்லாத்துலயும்லா பேரை மாத்தணும்? மிதிங்க மச்சான். டாக்டர் சொல்லியிருக்காருல்லா."

ஆபீஸ்காரர்களுக்கு, 'இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்' என்று ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது. தாவூது மிதித்தார். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் இருபத்தொரு கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மலை ஏறுகிற சைக்கிள் அல்லவா, பைய ஏறிவிட்டது. பாலத்தின் நடுவில் தாமிரபரணிக் காற்று சிலுசிலுவென்று அடித்தது. நஸீமா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கூட்டரை விட இது நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றாள். அவள் கையில் இருந்த பையிலிருந்து கோழிக் குருமா வாசம் வந்தது. மனுஷருக்கு அந்த நேரத்தில் மணிமுத்தாறு மறந்தே போனது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

பேட்டையில் மாமி வாசலிலேயே நின்றாள். மருமகனைப் பார்க்கவில்லை. நேராகக் கேரியரைப் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்! நல்ல அகலமால்லா இருக்கு. வாங்க மாப்பிள்ள. உள்ள அரிசி மூட்டை ஒண்ணு மில்லுக்குப் போகாமக் கிடக்கு. ஏட்டி நஸீமா, இது மூட்டை தாங்குமா?"

"தாங்கும் உம்மா" என்று நஸீமா இறங்கினாள். "மச்சானே கனம் தாங்கணும்னு சொல்லிச் செஞ்சது."