சுண்ணாம்புப் பெண்

"அந்தப் பொண்ணு மூஞ்சியில மட்டும் அடிக்காதே!"

ஃபோட்டிஸ் ஓடிவருவதற்குள் அவர் மனைவி ஸ்டமாத்தா சுண்ணாம்பு மட்டையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு முன்னால் கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவில் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள். இவர்கள் வீட்டில், கோழிக்கூண்டுக்கு மேலே சுவரில் பதிந்திருந்த பழங்காலப் பளிங்குப் பெண் தலைக்கும் சேர்த்து அடிப்பார்கள். மாமியார் அடித்தாள், இப்போது மருமகள்.

"போன வருஷம் நீங்கதானே வாளி தூக்கிக் குடுத்தீங்க?"

"போன வருஷம் நான் மியூனிக் போகலையே!"

மியூனிக்கில் மகள் வீட்டுக்குப் போனபோது அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். இதே மாதிரி ஒரு தலை, பால்வெள்ளையாக, கண்ணாடிக்குள். "உங்க ஊர்ல இதையெல்லாம் எப்படி வெச்சுக்கறீங்க?" என்று சம்பந்தி கேட்டார். ஃபோட்டிஸ் இருமலை வரவழைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அந்த வெட்கம் விமானத்தில் கூடவே வந்தது.

ஊர் திரும்பியதும் தீவின் அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார். நாளைக்கு ஆள் வருகிறது. இப்போது பார்த்து இவள்!

கத்தியால் சுரண்டினார். மூக்கில் கோடு விழுந்தது. கோடு மறைய வினிகர் ஊற்றித் தேய்த்தார். நுரைத்துக்கொண்டு சிவப்பாக வழிந்தது.

"ஐயோ, ரத்தம் மாதிரி வருது! விட்டுடுங்க!"

"அழுக்குடி! எங்கம்மாவும் நீயும் சேர்த்துவெச்ச அழுக்கு!"

கம்பி பிரஷ்ஷை எடுத்தார். கொஞ்சம் நீலமும் வழிந்தது. சாயங்காலத்துக்குள் தலை மியூனிக் வெள்ளைக்கு வந்துவிட்டது.

மறுநாள் தனாயி என்ற இளம் அதிகாரி வந்தாள்.

"நீ உள்ளயே இரு. வெளியில வந்து என் மானத்தை வாங்காதே" என்று மனைவியைச் சமையலறைக்குள் தள்ளினார் ஃபோட்டிஸ்.

தனாயி தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் நகமளவு சுண்ணாம்பு தப்பியிருந்தது. அதைக் கத்தி முனையால் மெல்ல உரித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று ஃபோட்டிஸுக்குக் காது சுட்டது.

"மன்னிக்கணும்மா. வீட்டுப் பொம்பளைங்களுக்கு அருமை தெரியல, வருஷாவருஷம் சுண்ணாம்பை அப்பிட்டாங்க. நல்லவேளை, நான் எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டேன்."

தனாயி விலகி நின்று காட்டினாள். நேற்றுத் தீட்டியதுபோல் ஒரு சிவப்புக் கூந்தல் சுருள், அதில் நீல நாடா.

"செதுக்கினவங்க பூசின வர்ணம் சார், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால. சுண்ணாம்புக்கடியில முகம் முழுக்கப் பத்திரமா இருந்திருக்கு. அதைக் காப்பாத்தின அம்மா உள்ளயா இருக்காங்க?"