டோக்கன் வாங்காத வாடிக்கையாளர்

"மறுபடியும் பேர் போடாம புகார் எழுதற அதே ஆள்தான் மாமா," என்றாள் மருமகள். "குழாயைக் கூடையில போடறாராம். அடுத்த பக்கம் போனா கூடை காலியாம்."

குழாய், வாஷ்பேசின் விற்கும் கடை மாமனாருடையது. அதன் வலைத்தளம் மருமகளின் வேலை. திரையில் விற்கிற எதையும் அவர் நம்பியதில்லை.

"ஏன் காலியாகுது?"

"வர்றவங்க கம்ப்யூட்டர்ல குக்கின்னு ஒண்ணு வைப்போம். டோக்கன் மாதிரி. அதைக் காட்டினாத்தான் இன்னார்னு தளத்துக்குத் தெரியும். இவர் கம்ப்யூட்டர் அதை வாங்கவே மாட்டேங்குது."

"எதுக்கு வாங்கணும்? கடைக்கு வர்றவன் சட்டையில எவனாவது சீட்டு ஒட்டுவானா? மனுஷன்னா இவன்தான்!" மாமனார் முகம் மலர்ந்தது. "இந்த ஒரு ஆளுக்கு ஒழுங்கா வித்துக் காட்டு. இல்லைன்னா தளத்தை மூடிடு."

கடைக்கு மேலேதான் வீடு; மாடியிலிருந்து மாமியார் குரல் இறங்கியது. "சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வீட்டுக்குத்தானே, நாளைக்குப் பார்க்கலாம்!"

மருமகள் 'குக்கியை அனுமதிக்கவும்' என்று ஓர் அறிவிப்பு வைத்தாள். அதை ஒரு தரம் காட்டியாயிற்று என்று நினைவில் வைக்கவும் அதே குக்கிதான் வேண்டும். ஆகவே அந்த ஆள் திரும்பின பக்கமெல்லாம் அறிவிப்பு வழிமறித்தது.

'உங்கள் கடையில் சரக்கைவிட அதட்டல் அதிகம்' என்று பதில் வந்தது.

"சபாஷ்!" என்றார் மாமனார்.

அடுத்து, டோக்கன் எண்ணைப் பக்கத்தின் இணைப்பு முகவரிக்குள்ளேயே ஒட்டினாள். கூடை தங்கியது. ஆனால் அந்த ஆள் யோசனை கேட்க இணைப்பைத் தங்கைக்கு அனுப்ப, தங்கையும் அதே கூடைக்குள் இறங்கிவிட்டாள்.

'நான் கேட்காத குளியல் தொட்டி என் கூடையில் உட்கார்ந்திருக்கிறது. தூக்குங்கள்.'

மாமனாருக்குச் சிரித்ததில் புரையேறியது. "விடாக்கண்டன்மா! எனக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பான்."

மருமகளை இங்கே மெச்சத்தான் வேண்டும். வேறு யாராவது என்றால் பழியை அந்த ஆள் தலையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். இவள் யோசித்தாள். 'ஞாபகம் வெச்சுக்காதேன்னு சொல்றவரை எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்?'

டோக்கன் வாங்காதவர்களுக்கென்று ஒரே ஒரு பக்கம் செய்தாள். பொருள், விலாசம் எல்லாம் அதிலேயே. ஓர் அமுக்கு, முடிந்தது. கூடையே கிடையாது.

மறுநாள் ஆர்டர் விழுந்தது. ஒரு சமையலறைக் குழாய்.

மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "தளம் இருக்கட்டும்மா. நீ கெட்டிக்காரி!" குழாயைத் தம் துண்டாலேயே துடைத்துப் பெட்டியில் வைத்தார். "நானே கொண்டுபோய், என் கையால மாட்டியும் விட்டுட்டு வர்றேன். அப்பேர்ப்பட்ட ஆளை நேர்ல பார்க்கணும்." செருப்பை மாட்டிக்கொண்டு, பார்சல் கட்டுகிறவரிடம் திரும்பினார். "விலாசத்தைப் படிப்பா."

அவர் படித்தார். மாடிப்படியைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"செருப்பைக் கழட்டிடுங்க முதலாளி. படியேறினாப் போதும், அம்மா குழாயடியில வாளியை வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க."