பணி நிரந்தரம் பெற்ற முகம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சோம்பிக் கிடந்துவிட்டு, திண்டிவனத்தில் புதுச்சேரி சாலையோரம் உள்ள 'பொன்விடியல் குறைதீர் சேவைகள்' வாசலில், முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரத்தை மாட்டியது. இடையில் நடந்ததெல்லாம் ஒத்திகை.

அந்த நிறுவனத்தின் பணி மகத்தானது. எங்கோ ஒரு நகரத்தில் பிரியாணி கேட்டவருக்குச் செருப்பு வந்து சேர்ந்தால், அவர் திட்டுவதற்கு ஒரு காது வேண்டுமல்லவா? அந்தக் காதுகளைத் திண்டிவனம் தந்துகொண்டிருந்தது. "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். வருத்தம் புரிய வேண்டியதில்லை. சொன்னால் போதும்.

ஒலக்கூர் பூவரசன் அங்கே 'தற்காலிக'க் காது. அந்த மாதம் முழுக்க விடுப்பே இல்லாமல் வந்தால் நிரந்தரக் காது. நிரந்தரமானால் கிளியனூர் இளவரசியோடு கல்யாணம். வேலைக்கும் கல்யாணத்துக்கும் உள்ள தொடர்பை இளவரசியின் அப்பா சுப்பராயலு ஐயத்துக்கு இடமின்றி விளக்கியிருந்தார்.

"தம்பி, உங்க நெலத்த பாத்துட்டேன், நல்ல மல்லாட்டை வெளையற நெலம். உங்க கொணத்தயும் விசாரிச்சிட்டேன், பரவால்ல. வேல மட்டும் பர்மனென்ட் ஆயிட்டா ஒரு போன் போடுங்க. தேதி குறிச்சிடலாம்."

எனவே பூவரசன் காய்ச்சலோடு வந்தான், பல்வலியோடு வந்தான், பேருந்து இல்லாத நாளில் மாட்டுத்தீவன வண்டியில் ஏறி வந்தான். கேட் தூணில் சாலையைப் பார்த்தபடி இருந்த இயந்திரமும், அன்போடு ஒரு பெண் குரலில், "வணக்கம், பூவரசன். இன்று இனிய நாள்" என்று அவனை உள்ளே விட்டது.

இயந்திரத்தில் முகத்தைப் பதிய அவன் கொடுத்தது விழுப்புரத்து ஸ்டூடியோவில் எடுத்த படம். படிய வாரிய முடி, கத்தரித்த மீசை, பல் தெரியாத சிரிப்பு. பிறந்ததிலிருந்து அவன் நன்றாக விழுந்த ஒரே படம் அதுதான். ஆகவே ஆதார் தவிர எல்லாவற்றுக்கும் அதையே கொடுப்பான்.

வினை மயிலம் முருகன் கோயிலில் இருந்து வந்தது. அக்கா பொன்னியின் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். தாய்மாமனுக்கும் சேர்த்து மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டது பொன்னியின் சொந்தக் கற்பனை.

"என்ன கேக்காம என் முடிய எப்பிடிக்கா வேண்டிக்கினே?"

"முருகன் ஒண்ணும் சொல்லல. உனக்கு என்னடா?"

நாவிதர் முடியோடு மீசையையும் எடுத்தார். திங்கட்கிழமை காலை, சந்தனம் பூசிய மண்டையோடு பூவரசன் இயந்திரத்தின் முன் நின்றான்.

"மன்னிக்கவும். நீங்கள் யாரென்று தெரியவில்லை."

பக்கவாட்டில் காட்டினான். சிரித்துக் காட்டினான். பேனாவால் மீசை வரைந்துகொண்டு காட்டினான். இயந்திரம் கொள்கையில் உறுதியாக இருந்தது. கடைசியில் மற்றவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், 'மகிழ்ச்சி அலுவலர்' கலைமதியிடம் முறையிட்டான். ஊழியர்களின் விடுப்பை மறுப்பது இவரது பொறுப்பு.

"மேடம், நான் வந்துட்டேன், ஆனா மிஷின்ல ஏறல."

"அப்ப வரலைன்னு அர்த்தம் சார்."

"உங்க எதிர்லயே நிக்கிறேனே மேடம்."

"அது என் பர்சனல் ஒப்பீனியன். சிஸ்டம் அப்பிடி நெனக்கல."

"சரி, இந்த மூஞ்சியப் புதுசா ஏத்திடுங்க."

"தாராளமா ஏத்தலாம். பழைய மூஞ்சியக் காட்டி ஒரு வாட்டி உள்ள போயிடுங்க, அங்கயே புதுசு மாத்தற ஆப்ஷன் வரும்."

பூவரசன் மண்டையைத் தடவினான். கலைமதி இரக்கமுள்ளவர். முறைப்படி அவனை வெளியேற்ற வேண்டியிருந்தும் அப்படிச் செய்யாமல், கழுத்தில் 'பார்வையாளர்' என்ற அட்டையை மாட்டி, அவனுடைய நாற்காலியிலேயே உட்கார அனுமதித்தார். அன்று முழுக்க அந்தப் பார்வையாளர், நாட்டு மக்களின் வருத்தம் தனக்குப் புரிவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பொம்மையார்பாளையத்து அலெக்ஸ் வந்தான். பூவரசனோடு படித்தவன். திண்டிவனத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். காதணி விழாவுக்கு அவன் அடித்த பேனர் மயிலத்தில் ஒரே நாள் நின்றதில் அவனுக்கு மனம் ஆறவில்லை. அதை அப்படியே கொண்டுவந்து, நிறுவனத்துக்கு எதிரே டீக்கடை ஓரமாகச் சவுக்குக் கொம்பில் நிறுத்திக் கட்டினான்.

"விழாதான் முடிஞ்சிடுச்சேடா?"

"விழா முடிஞ்சா இன்னா மச்சான், உன் மூஞ்சி முடியலையே. உங்க ஆபீஸ்காரங்களும் பாக்கட்டும்."

பேனரில் காது குத்திக்கொண்ட குழந்தை ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. மீதி இடம் முழுவதும் தாய்மாமன். அதே விழுப்புரத்துப் படம். கீழே 'ஒலக்கூரின் ஒப்பற்ற ஒளியே' என்று எழுதியிருந்தது.

கடைசி ஆள் கேட்டைத் தாண்டினார். சாலை காலியானது. இயந்திரம் எதிர்ப்பக்கம் பார்த்தது.

"வணக்கம், பூவரசன். இன்று இனிய நாள்."

பூவரசன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மச்சான், என்னத் தெரிஞ்சிக்கிச்சிடா. முடி வளந்துகினு வருது போல."

"நீ டீக்கடைக்குள்ள நிக்கிறே. அது உன்ன எங்க பாத்துச்சி? என் பேனரக் கூப்புடுதுடா."

சோதித்துப் பார்த்தார்கள். பூவரசன் போய் நின்றால், "யாரென்று தெரியவில்லை." நகர்ந்தால், "வணக்கம், பூவரசன்." அலெக்ஸ் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "பேஜாரு விட்டுதுடா. நீ பேசாம உள்ள போய்க்கினு வந்துகினு இரு. பேனர்ல நிக்கிறவன் அட்டெண்டன்ஸ் பாத்துப்பான்."

அவன் நன்றாகவே பார்த்துக்கொண்டான். விடியுமுன் வந்தான். டீக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில் இரவும் நின்றான். திங்கட்கிழமை விடுப்பை மிகைநேரப் பணியால் ஈடுகட்டினான். தேநீர் இடைவேளை இல்லை, கழிப்பறை இல்லை, வாட்ஸப் இல்லை. மாதம் முடியுமுன்பே நிறுவனத்தின் கணினி அவன் பெயருக்கு நேரே ஒரு தங்க நட்சத்திரத்தைப் போட்டது.

கலைமதி கூட்டம் கூட்டினார். "இன்னைக்கு லேட்டா வந்தவங்க எல்லாம் கொஞ்சம் பூவரசன் சாரப் பாருங்க. வீட்டுக்கே போறதில்ல மனுஷன்." பிறகு மொட்டைத் தலையைக் கவனித்துவிட்டு, "விசிட்டர்ஸ் கொஞ்சம் பின்னால உக்காருங்க சார்" என்றார்.

மாதக் கடைசியில் கேட் வாசலிலேயே பாராட்டு விழா. நிர்வாக இயக்குநர் வேங்கடேசன் சென்னையிலிருந்து சால்வையோடு வந்திருந்தார். நேரம் தெரியாமல் சுப்பராயலுவும் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையின் வேலை என்ன நிலையில் இருக்கிறது என்பதை நேரில் பார்க்க வந்தவர். பூவரசன் ஓடிப் போய் சால்வைக்கு முன் குனிந்தான்.

"இருப்பா, சிஸ்டம் ஓகே சொல்லட்டும்" என்று இயக்குநர் அவனை இயந்திரத்தின் முன் நிறுத்தினார்.

"மன்னிக்கவும். நீங்கள் யாரென்று தெரியவில்லை."

பூவரசன் உண்மையைச் சொல்லிவிட்டான். மயிலம், மொட்டை, விழுப்புரத்துப் படம், எல்லாம். சொல்லிவிட்டு எதிரே கையைக் காட்டினான். வேங்கடேசன் சாலையைக் கடந்து பேனரின் முன் போய் வெகுநேரம் நின்றார். பெரிய மனிதர்கள் யோசிக்கும்போது சாலையே அமைதியாகிவிடும். அன்று ஒரு மணல் லாரிகூட ஹாரன் அடிக்கவில்லை.

"இது லீவு கேக்குமா?"

"கேக்காது சார்" என்றான் அலெக்ஸ். "கீழ மட்டும் ஒரு ஆணி கேக்கும்."

"எதிர்த்துப் பேசுமா?"

"காத்தடிச்சா கொஞ்சம் படபடக்கும்."

"எப்பவும் இதே சிரிப்புதானா?"

"மை அழியற வரைக்கும் கேரண்டி சார்."

வேங்கடேசனின் கண்கள் கலங்கின. இத்தனை வருடம் வேலைவாய்ப்பு முகாம்களில் அவர் தேடியலைந்த ஊழியர் இதோ டீக்கடை ஓரத்தில் நிற்கிறார். அவர் சால்வையைச் சவுக்குக் கொம்பில் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். பூவரசனும் தட்டினான், பழக்கம்.

சுப்பராயலு கலைமதியை மெல்ல நெருங்கினார். "ஏம்மா, பூவரசன்னு ஒரு தம்பி. பர்மனென்ட் ஆயிட்டாருங்களா?"

"ஆயிட்டாருங்க. அதோ நிக்கிறாரு பாருங்க, சால்வையோட."

அவர் பேனரைப் பார்த்தார். மொட்டையைப் பார்த்தார். "மாப்ள, இதுல நீங்க எது?"

"நான் இதுதான் மாமா. வேலையில இருக்கறது அவரு."

"அப்ப பொண்ண யாருக்குக் குடுக்கறது?" சுப்பராயலு நியாயமான மனிதர். தானே முடிவு செய்யாமல் மகளுக்குப் போன் போட்டு, இரு தரப்பின் தகுதிகளையும் பாரபட்சமின்றி எடுத்துரைத்தார். இளவரசியின் பதில் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"மழ பெஞ்சா வீட்டுக்குள்ள வர்றவரு யாரோ, அவருக்குக் குடுங்கப்பா."

பூவரசன் பார்வையாளர் அட்டையைக் கழற்றிக் கலைமதியின் கையில் வைத்தான். அலெக்ஸின் கடையில் சேர்ந்தான். அங்கே வேலை குவிந்து கிடந்தது: பொன்விடியல் நிறுவனம் தன் மொத்த ஊழியர்களையும் ஃபிளெக்ஸில் அடித்துத் தரச் சொல்லியிருந்தது.

பிறகு ஐப்பசியில் ஒரு புயல் வந்தது. திண்டிவனத்தின் தலைசிறந்த ஊழியருக்கு நெற்றி முதல் மூக்கு வரை கிழிந்துபோயிற்று. இயந்திரம் அவரைப் பார்த்து, "யாரென்று தெரியவில்லை" என்றது. அவருடைய சக ஊழியர்கள் பாதிப் பேர் கிளியனூர் வரை பறந்துவிட்டார்கள். நாடெங்கும் செருப்பு வந்து சேர்ந்தவர்களின் வருத்தம் ஒருவருக்கும் புரியாமல் கிடந்தது.

மழை விட்டதும் பூவரசன் ஏணியோடு வந்தான். கிழிந்ததை அவிழ்த்துவிட்டுத் தன் கல்யாணப் பேனரைக் கட்டவேண்டும். முடி வளர்ந்திருந்தது, மீசையும்தான். ஏணியில் ஏறி, கிழிந்த முகத்தைக் கழற்றி, அது இருந்த இடத்தில் தலையை நீட்டிக் கொம்பை இறுக்கினான்.

"வணக்கம், பூவரசன். இன்று இனிய நாள்."

அந்தக் குரல் கேட்டதும் கண்ணாடிக் கதவு திறந்தது. புயல் சேதம் பார்க்க வந்திருந்த வேங்கடேசன் செருப்புகூட மாட்டாமல் சேற்றில் ஓடிவந்தார். "பூவரசா, எங்கப்பா போயிட்டே? ஜல்தி உள்ள வா. உன் சீட்டு அப்பிடியேதான் இருக்கு. நாம எல்லாம் ஒரே குடும்பம்பா."

பூவரசன் ஏணியின் உச்சியில் இருந்து குனிந்து அவரைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். பல் தெரியாமல் சிரித்தான்.

"மன்னிக்கவும்" என்றான். "நீங்கள் யாரென்று தெரியவில்லை."