ரெண்டு மூளையும் ஒரு குண்டான் மாவும்

மருமக வேலைக்கு மாமியார் உலை வச்ச கதை நெறையக் கேட்டிருப்பீங்க. நான் உலையெல்லாம் வைக்கல. இட்லி மாவு வச்சேன். (எனக்கு எழுத்து வராது, நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. இப்பவே சிரிக்க ஆரம்பிச்சுட்டா.)

அப்ப நாங்க ஹைதராபாத்துல, ஏ.எஸ்.ராவ் நகர்ல இருந்தோம். மதுரையில மூடியத் தள்ளிக்கிட்டு நிக்கிற மாவு, அங்க மார்கழிக் குளிருக்குப் பொங்கவே பொங்காது. எதிர்வீட்டம்மா பச்சமொளகாக் காம்பு போடச் சொன்னாங்க, போட்டேன். போர்வை போத்துனேன். கட்டில்ல எம்பக்கத்துல படுக்க வைக்காததுதான் பாக்கி.

மருமக கவிதாவுக்கு மாதாப்பூர்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறுன வாரம், பெரிய கம்ப்யூட்டர் பொட்டி ஒண்ண வீட்டுக்கே கொண்டாந்துட்டா. மத்த பொட்டிக்கெல்லாம் ஒரு மூளைன்னா இதுக்கு ரெண்டாம். உள்ள லினக்ஸ் ஓடுதுன்னா. எலி மாதிரி என்னமோ போலன்னு, எதுக்கும் இருக்கட்டும்னு அடுப்படிக் கதவச் சாத்தி வச்சேன்.

அவ செஞ்சது என்னன்னு எனக்கு வெவரமாச் சொன்னா. ஒரு மூட்டை வெங்காயத்த ஒருத்தி உரிச்சா எம்புட்டு நேரம் ஆகும், ரெண்டு பேரு சேந்து உரிச்சா எம்புட்டு ஆகும், அந்தக் கணக்குத்தான். காலையில ஒரு மூளைய மட்டும் ஓடவிட்டு நேரம் பாப்பா. மத்தியானம் அதே வேலைய ரெண்டு மூளைக்கும் குடுத்துட்டு, புது ஆபீசுக்குக் கிளம்பிடுவா. புதுசா வந்த ஒரு வேலைக்கு மேனேஜர் வேற ஏதோ வெலை கூடின மெசினு வாங்கலாம்னு இருந்தாராம். இவதான், இதுவே போதும் சார், நான் காட்டுறேன்னு எல்லாரு முன்னாடியும் வாய விட்டுட்டு வந்திருக்கா. காட்டலைன்னா அந்த வேலையே அவ கைய விட்டுப் போயிரும்.

மொத நாளு போறப்ப எங்கிட்ட, பொட்டியத் தொட்டுறாதீங்கத்தைன்னு சொல்லிட்டுத்தான் போனா. சத்தியமா நான் தொடல. பின்பக்கம் கைய நீட்டிப் பாத்தேன், அம்புட்டுத்தான். ஆகா, அப்படி ஒரு வெதுவெதுப்பு. மாவுக் குண்டானக் கொண்டாந்து அந்தக் காத்துக்கு நேரா ஒட்டி வச்சேன். சூடு வீணாப் போகக்கூடாதுன்னு குண்டானையும் பொட்டியையும் சேத்து எங்க வீட்டுக்காரரு சால்வையப் போத்திவிட்டேன். (நான் தொடலையே, சால்வைதான் தொட்டுச்சு.) சாயங்காலத்துக்குள்ள மாவு மூடிய முட்டிருச்சு. அவ வாரதுக்கு முன்ன எடுத்து அடுப்படியில வச்சுட்டேன்.

அன்னைக்கு இட்லி பஞ்சு. ஆனா கவிதா மொகம் செத்துப்போச்சு. ரெண்டு மூளையும் சேந்து ஒரு மூளையவிட மெதுவா வேலை பாக்குதாம். மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும் அப்படியே. புள்ள சரியாவே சாப்பிடல. பாவமா இருந்துச்சு. இட்லி இன்னும் மெத்துனு இருந்தாலாவது நாலு உள்ள போகுமேன்னு ரெண்டாவது சால்வையும் போத்துனேன்.

சனிக்கெழமை சாயங்காலம் மேனேஜரே வீட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு மூளையும் ஓடிக்கிட்டு இருக்கு. நான் குண்டான எடுக்கிறதுக்கு முன்னயே, ஆபீசுக்குப் போன கவிதா அவரப் பஸ் ஸ்டாப்புல இருந்து கூட்டியாரா. தெலுங்குக்காரரு, மெட்ராஸ்ல படிச்சவரு, அரைகுறையாத் தமிழ் வரும். நான் காப்பியோட பின்னாடியே போறேன். ரூமுக்குள்ள நுழைஞ்சதும் மூக்க உறிஞ்சாரு. பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சாரு. மாவு சால்வைய நனைச்சுக்கிட்டுத் தரையில எறங்கிக்கிட்டு இருக்கு.

"இதேமிட்டம்மா?"ன்னாரு, இது என்னம்மான்னு.

அவரு பயந்துட்டாரேன்னு நான் சமாதானம் சொல்றேன்: "ஒண்ணும் ஆகாது சார். தெனமும் இங்கதான் வைக்கிறேன்."

கவிதா மெதுவாத் திரும்புனா. "தெனமுமா, அத்தை?"

"காலையில இல்ல தாயி. ஒரு மூளை ஓடுறப்ப சூடு பத்தல. ரெண்டும் ஓடுனாத்தான் நல்லாப் பொங்குது."

மேனேஜரு நாக்காலியில உக்காந்து சிரிச்ச சிரிப்புல காப்பி பூராவும் அவரு சட்டையில. கவிதா சிரிக்கல. பொட்டிய நிறுத்தி, மாவ வழிச்சு, சால்வைய உருவி எறிஞ்சா. ரொம்பச் சூடாயிட்டா அது தன்னக் காப்பாத்திக்கிறதுக்குத் தானாவே மெதுவாப் போயிருமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? நல்லவேளை, மாவு உள்ள போகல.

பொட்டி ஆறுனதும் மறுபடி ஓடவிட்டா. நான் வெளிய வேப்பமரத்தடியில உக்காந்துட்டேன். உள்ள போயி அவ மொகத்தப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நம்மளால ஒரு புள்ள பொழப்பு போச்சேன்னு மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும், அவளே வெளிய வந்தா. பாதி நேரத்துல முடிச்சிருச்சாம், பாதிக்கு மேல துளிதான் கூடவாம். அப்பத்தான் அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. நிக்க முடியாம எந்தோளப் புடிச்சுக்கிட்டா.

அந்த வேலைய அவகிட்டயே குடுத்தாங்க. மேனேஜரு, இட்லி வேணும்னு கேட்டு வாங்கி எட்டு தின்னுட்டுப் போனாரு. அப்பறம் புது ஆபீஸப் பாக்க என்னையும் கூட்டிட்டுப் போனா. அங்க நான் ஒவ்வொரு பொட்டிக்குப் பின்னாடியும் கைய நீட்டிப் பாத்ததா வீட்டுல சொல்லுறாங்க. (மூணே மூணு பொட்டிதான்.)

இத்தன வருசம் ஆச்சு. பஸ்ஸு ஊர்ந்தாலும், போனு சுத்திக்கிட்டே நின்னாலும், எம் முழங்காலு படியேற மாட்டேன்னாலும், கவிதா கேக்குறது ஒண்ணுதான்: "அத்தை, மாவ எங்க வச்சீங்க?"