டைரக்டர் வண்டியைத் தள்ளும் உரிமை

அல்சூர் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் இயங்கிவந்த ஊதுபத்திப் புகை தரக் கண்காணிப்பு வாரியத்தில், மாலை ஐந்து மணிக்கு டைரக்டரின் அம்பாசடர் காரை ஊழியர்கள் பின்னாலிருந்து தள்ளுவது மரபு. இம்மரபு எந்த ஆண்டில் தோன்றியது என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. பேட்டரி செத்த ஆண்டாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து.

காலையில் தொந்தரவு கிடையாது. டைரக்டர் சேஷகிரியின் வீடு மேட்டில் இருந்ததால் வண்டி தானே உருண்டு, உயிர் வந்து, ஆபீசுக்கு வந்துவிடும். மாலையில்தான் கைங்கரியம் தேவைப்பட்டது. "புது பேட்டரி வாங்கினா என்ன சார்?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்பதுண்டு. விவரம் தெரியாதவர்கள், பாவம். பழைய பேட்டரி இறந்துவிட்டது என்று இன்ஜினியர் சான்று கொடுத்தால்தானே புதியது வாங்க முடியும்? அவரோ காலையில் வருவார். வாசலில் சூட்டோடு நிற்கும் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். "தானா ஓடி வந்த வண்டிக்கு சாவு சர்டிபிகேட் கேக்கறீங்களே, என்னைக் கம்பி எண்ண வைக்கப் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த ஏற்பாட்டில் மனமார மகிழ்ந்தவர் சீனியர் கிளார்க் சுந்தரமூர்த்தி. ஜீவனஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். காரணம் இருக்கிறது. டைரக்டர் காலையில் அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்வார், மாலையில்தான் திறப்பார். காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவருக்கான கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். தன் ஊழியர்களில் அவருக்குத் தெரிந்த முகமெல்லாம் அந்தக் கண்ணாடியில் தெரிந்த முகம்தான். டிக்கிக்கு நடுவில் கைவைத்துத் தள்ளுகிறவர் கண்ணாடிக்கு நடுவில் தெரிவார். அங்கே தள்ளித்தான் கோவிந்தன் சூப்பரின்டென்டென்ட் ஆனார். கோவிந்தன் அடுத்த மாதம் ரிட்டயர் ஆகப்போகிறார். நடு இடமோ இப்போது சுந்தரமூர்த்தியிடம்.

கை வைத்த நாற்காலி, அதன்மேல் வெள்ளைத் துண்டு, போகவர ஒரு ஜீப். இதற்காக அவர் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல. "இந்தத் தடவையாவது கிடைக்குமா?" என்று மனைவி சொர்ணம் கேட்டால், "கண்ணாடியில நல்லாத் தெரியறேன். நேத்து டைரக்டர் தலையாட்டினாரு" என்பார். நாலரைக்கே முகம் கழுவி, பவுடர் போட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீகண்டன் சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். இவரும் கிளார்க்தான், அதே நாற்காலியின் மேல்தான் இவருக்கும் கண். நிர்வாகப் பயிற்சிக்குப் போனவர் ஆளே மாறி வந்தார். கழுத்தில் டை. டீக்கடைக்காரரிடம்கூட 'எபிஷியன்சி' பேசினார். கையில் ஒரு சிவப்புப் பெட்டி.

"ஜம்ப் ஸ்டார்ட்டர்," என்றார். "செத்த பேட்டரிக்கு இதுலேருந்து உயிர் குடுக்கலாம். தள்றதெல்லாம் பழைய கான்செப்ட்."

ஐந்து மணிக்குச் சுந்தரமூர்த்தி வழக்கம்போல் டிக்கியில் கைவைத்து நின்றார். ஸ்ரீகண்டன் முன்னால் போய் பானெட்டைத் திறந்து, பெட்டியின் சிவப்புக் கவ்வியை பேட்டரியின் ஒரு முனையிலும் கறுப்பை மறு முனையிலும் மாட்டினார். டிரைவர் நாகேஷ் சாவியைத் திருப்பினார். சிணுங்கல் இல்லை, முனகல் இல்லை, வண்டி பிடித்துக்கொண்டது. கவ்வியைக் கழற்றியதும் விருட்டென்று நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் குப்புற விழாத குறை. டைரக்டர் கண்ணாடியையே பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஸ்ரீகண்டனிடம், "பஹள சென்னாகிதே" என்று கன்னடத்தில் பாராட்டிவிட்டுப் போனார்.

சுந்தரமூர்த்திக்கு அன்றிரவு வீட்டில் சோறு இறங்கவில்லை.

"ஒரு பொட்டிக்கா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் சொர்ணம். "முதுகுவலி மிச்சம்னு நினைச்சுக்குங்க."

"முதுகு வலிச்சாத்தான்டி சாஞ்சு உட்கார நாற்காலி கிடைக்கும்," என்றார் அவர்.

மறுநாள் நேராக ஸ்டோர் பொறுப்பாளர் வித்யாலட்சுமியிடம் போனார். அரசாங்க வண்டியைத் தொட்ட எந்தப் பொருளும் வகை பிரிக்கப்படாமல் வளாகத்தில் உலவுவது வாரியத்தின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று உருக்கமாக எடுத்துரைத்தார். வித்யாலட்சுமி கடமை தவறாதவர். பெட்டியையும் ஸ்ரீகண்டனையும் வரவழைத்தார்.

"இதுக்குச் சக்கரம் இருக்கா?"

"இல்லை மேடம்."

"அப்ப வண்டி இல்லை. வண்டிக்குள்ள இருக்குமா?"

"வெளியிலதான் இருக்கும்."

"அப்ப ஸ்பேர் பார்ட்டும் இல்லை. தண்ணி ஊத்தணுமா?"

"ஐயோ, ஊத்தவே கூடாது மேடம்."

"அப்ப பேட்டரியும் இல்லை. முன்னால வட்டமா என்ன அது?"

"சின்ன லைட்டு. இருட்டுல உதவும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. டார்ச் லைட்டு," என்று வித்யாலட்சுமி முடித்துவிட்டார்.

வாரியத்தில் டார்ச் லைட் வைத்துக்கொள்ளும் அதிகாரம் இரவுக் காவலாளி நாராயணசாமிக்கு மட்டுமே உண்டு. ஸ்ரீகண்டன் டைரக்டர் வரைக்கும் போய், பகலில் பெட்டி தன்னிடம், இரவில் நாராயணசாமியிடம் என்று சிறப்பு ஆணை வாங்கினார். நாராயணசாமி நன்றியுள்ள மனிதர். கிடைத்த வெளிச்சத்தை வீணாக்காமல் விடிய விடியப் பேப்பர் படித்தார். காலையில் பெட்டியும் செத்துக் கிடந்தது.

"சார்ஜ் போட்டா ஆச்சு," என்றார் ஸ்ரீகண்டன்.

சிங்கப்பூர் பிளக் வாரியத்தின் சுவரில் நுழைய மறுத்தது. சுவரை மாற்ற மின்சாரப் பிரிவு மறுத்தது. ஆனால் பெட்டியோடு இன்னொரு ஒயர் வந்திருந்தது. காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் அதைச் செருகினால், ஓடுகிற வண்டியிலிருந்தே சார்ஜ் ஏறும்.

"வண்டி ஓடணுமே சார்," என்றார் நாகேஷ்.

"பெட்டியை வச்சு ஸ்டார்ட் பண்ணுப்பா."

"பொட்டில சார்ஜ் இல்லியே."

"அதுக்குத்தான் வண்டியை ஓட்டச் சொல்றேன்."

"இன்னா சார், சிங்கப்பூர்ல இப்படித்தான் சொல்லித் தந்தாங்களா?"

விஷயம் முற்றியதால் டைரக்டர் ஒரு கமிட்டி அமைத்தார். கமிட்டி போண்டா சாப்பிட்டு, ஆழ்ந்து பரிசீலித்து, ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: பெட்டி சார்ஜ் ஆக வண்டி ஓட வேண்டும், வண்டி ஓட அதைத் தள்ள வேண்டும், ஆகவே தள்ளுதல் என்பது நவீனமயமாக்கலின் தவிர்க்க இயலாத முதற்கட்டம்.

சுந்தரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பியது. அன்று மாலையே தள்ளல் மீண்டும் தொடங்கியது. ஒரு மாறுதல்தான். பின் சீட்டில் பெட்டியோடு ஸ்ரீகண்டனும் ஏறிக்கொண்டார். ஒயர் எட்டவில்லை, துளையிலும் நிற்கவில்லை. அதனால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் குனிந்து, கையால் பிடித்தபடியே டைரக்டர் வீடு வரைக்கும் போனார். சார்ஜ் ஏறிய பெட்டியை ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து நாராயணசாமியிடம் ஒப்படைத்தார். நாராயணசாமி பேப்பர் படித்தார். மறுநாளும் இதேதான்.

வண்டி முன்னைவிடக் கனத்தது. சுந்தரமூர்த்தி தள்ளத் தள்ளப் பூரித்தார். ஸ்ரீகண்டன் குனிந்தே கிடந்ததால் கண்ணாடியில் அவர் தலைமுடிகூடத் தெரியவில்லை. மாத முடிவில் டைரக்டர், "யாரப்பா அந்த மனுஷன்? பொறுப்பான முகம்" என்று நாகேஷிடம் விசாரித்தார். அடுத்த வாரம் சுந்தரமூர்த்தி சூப்பரின்டென்டென்ட்.

டைரக்டர் டெல்லி போயிருந்ததால் நாகேஷே ஜீப்பை ஓட்ட வந்தார். சுந்தரமூர்த்தி முன் சீட்டில் ஏறி, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நாகேஷ் சாவியைத் தொட்டதும் ஜீப் கிளம்பிவிட்டது. புது ஜீப், புது பேட்டரி. கண்ணாடியில் காலி காம்பவுண்டு. ஓரத்தில் ஒரு நாய் தூங்கியது. கூட வேலை செய்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் ஏங்கி வாங்கிய பதவி இவ்வளவுதானா என்று வீடு வரைக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் நாகேஷைக் கூப்பிட்டார்.

"ஹெட்லைட்டைப் போட்டு வை."

"பட்டப்பகல்லயா சார்? சாயங்காலத்துக்குள்ள பேட்டரி பூட்டுடும்."

"போகட்டும்."

ஐந்து மணிக்கு ஜீப் அசையவில்லை. சேதி மாடிக்கு எட்டியதும் தடதடவென்று ஆட்கள் இறங்கி வந்தார்கள். டைரக்டர் ஊருக்குப் போனதிலிருந்து கைவைக்க இடமில்லாமல் அவர்களும் தவித்துப்போயிருந்தார்கள். முதலில் வந்து நடு இடத்தைப் பிடித்தவர் ஸ்ரீகண்டன். டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

"டைரக்டர் டெல்லி போறதுக்கு மொதநாளே நாராயணசாமி ஒரு கல்யாணத்துக்கு அத்திபெலே பூட்டாரு," என்றார் நாகேஷ். "அந்தச் செவப்புப் பொட்டி ஃபுல் சார்ஜ்ல கீது. எட்த்தாந்து மாட்டட்டா?"

"அதெல்லாம் எதுக்கு நாகேஷ்?" என்றார் ஸ்ரீகண்டன். "நாங்க இல்லையா?"

தள்ளினார்கள். ஜீப் நாலடி உருண்டதுமே நாகேஷ் கிளட்சை விடப் போனார்.

"அவசரப்படாதப்பா," என்றார் சுந்தரமூர்த்தி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெயின் ரோடு வரைக்கும் தள்ளட்டும். வித்யாலட்சுமி மேடமும் கைவைக்க இப்பத்தான் படியிறங்கி வர்றாங்க."